பெரம்பலூரில் கேட்ட ரீங்காரம்

சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் போகிறவர்களைப் பெரம்பலூரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "பெரம்பலூரா? ஆமாம், வழியிலே ஒரு போர்டு வரும்" என்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. நாற்கரச் சாலை அந்த ஊரைத் தொட்டும் தொடாமலும் போகிறது. பிளாஸ்கில் இருக்கும் காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் ஊர் பின்னால் போய்விடுகிறது.

ஆனால் பெரம்பலூரில் ஒரு நாளும், அதற்குக் கிழக்கே முப்பது கிலோமீட்டரில் இருக்கும் அரியலூரில் ஒரு நாளும் தங்கிப் பாருங்கள். ஒரு காலத்தில் கடலாக இருந்த பூமி அது. இன்று கார் டயரும் சிமெண்டும் தயாராகிற பூமி. காலுக்குக் கீழே இருப்பதைக் கவனிக்கக் கற்றுக்கொடுக்கிற பூமியும்கூட. நாங்கள் அங்கே தங்க நேர்ந்ததற்குக் காரணம் ஒரு சப்தம். அந்தச் சப்தத்தைப் பற்றியும் உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். ஏனென்றால் உங்கள் வீட்டுக் காரிலும் அது ஒருநாள் கேட்கலாம்.

அத்தைக்கு சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்கு மாவிளக்குப் போடுவதாக ஒரு பிரார்த்தனை. அத்தை மகன் கார் ஓட்டினான். காரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கம்பெனியிலிருந்து வந்தபோது அது எல்லாக் கார்களையும் போல நாலு பேர் ஏறி இறங்கும் சாதாரணக் கார்தான். எங்கள் பையன் அதன் ஸ்பிரிங்குகளில் ஒவ்வொரு சுற்று அறுத்து, காரைத் தரையோடு தரையாக இறக்கியிருந்தான். "லோயரிங்" என்று அதற்குப் பெயராம். பார்ப்பதற்கு, பாயப் பதுங்கிய புலி மாதிரி இருக்கிறதாம். அத்தைக்கு அது புலியாகத் தெரியவில்லை. "இதிலே ஏறுவதற்கு உட்கார வேண்டியதில்லை, விழ வேண்டியிருக்கு" என்றாள்.

உளுந்தூர்ப்பேட்டை தாண்டியதும் அத்தை காதைத் தீட்டிக்கொண்டாள்.

"ஏண்டா, கிரைண்டரிலே மாவே இல்லாமல் கல்லு மட்டும் சுத்தினா ஒரு சத்தம் வருமே, அது மாதிரி வருதே?"

"ரோடு அப்படி, அம்மா!" என்று அவன் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினான்.

தமிழ்நாட்டில் எத்தனையோ கார்களுக்கு இந்தச் சிகிச்சைதான் நடக்கிறது. நோய் என்னவோ சக்கரத்தில், மருந்து ரேடியோவுக்கு!

பெரம்பலூருக்குப் பதினைந்து கிலோமீட்டர் முன்னாலேயே, சாலையோரத்தில் ரஞ்சன்குடிக் கோட்டை வருகிறது. 1751-ஆம் வருஷத்தில் வாலிகண்டபுரம் சண்டை நடந்தது இந்த வட்டாரத்தில்தான். ஆற்காட்டு நவாப் பட்டத்துக்காக ஒரு பக்கம் சந்தா சாகிப், அவருக்குத் துணையாகப் பிரெஞ்சுக்காரர். மறுபக்கம் முகமது அலி, அவருக்குத் துணையாக ஆங்கிலேயர். கோட்டையைப் பார்க்க இறங்கினோம். மதில் மேல் காற்று அள்ளிக்கொண்டு போகிறது. கீழே நெடுஞ்சாலையில் பறக்கும் வண்டிகளின் இரைச்சல் அவ்வளவு உயரத்துக்கும் கேட்டது. கவனித்துக் கேட்டால் அதில் எஞ்சின் சப்தம் குறைவு. டயர் சப்தமே அதிகம். மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிட்டால் கார் போடுகிற இரைச்சலில் பெரும் பங்கு டயருடையதுதான். கோட்டைச் சுவரில் உட்கார்ந்து அதைக் கேட்டபோது, அத்தை சொன்னதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பெரம்பலூரிலிருந்து திருச்சி போகிற சாலையில் எட்டுக் கிலோமீட்டர் போனால் சிறுவாச்சூர். மதுரகாளியம்மன் கோயில் வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். மற்ற நாளில் போய்க் கதவைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். மாவிளக்கு நெய்வாசனையோடு திவ்யமாக எரிந்தது. அத்தை கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் நின்றாள். வெளியே வந்ததும் முதல் காரியமாக, "அம்பாளிடம் சொல்லியாச்சு. இனி மெக்கானிக்கிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். அப்புறம்தான் அரியலூர்" என்றாள். தீர்மானமான குரல். பையனால் மறுக்க முடியவில்லை.

பெரம்பலூரில் ஒரு சின்ன ஒர்க் ஷாப். வேப்பமரத்து நிழலில் இரண்டு கார்கள், ஒரு டிராக்டர். மெக்கானிக்குக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பானெட்டைத் திறப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் திறக்கவில்லை. அத்தையைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா. எப்படிச் சத்தம்? எப்போ வருது?" என்றார்.

அத்தை சொன்னாள். நாற்பது வரைக்கும் இல்லை, அறுபதில் ஆரம்பிக்கிறது, எண்பதில் தலைவலிக்கிறது, பிரேக் போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே மாதிரி. மெக்கானிக் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு, "வாங்க, ஒரு சுத்து போய்ட்டு வரலாம்" என்று தாமே ஓட்ட உட்கார்ந்தார்.

அந்த ஒரு சுற்றில் அவர் செய்த பரீட்சைகளை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் கார் இருந்தால் இவற்றை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பரீட்சை, எஞ்சினா சக்கரமா என்பது. நல்ல சமதரையில், முன்னும் பின்னும் வண்டி இல்லாத இடத்தில், கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். எஞ்சினை அணைக்கவில்லை, அணைக்கவும் கூடாது. எஞ்சின் உறுமல் தணிந்தது, ரீங்காரம் தணியவில்லை. எஞ்சின் குற்றவாளி இல்லை.

இரண்டாவது, டயரா பேரிங்கா என்பது. சக்கரத்தின் நடுவே இருக்கிற வீல் பேரிங் கெட்டுப்போனாலும் இதே மாதிரி ஊளைதான் வரும். ஆனால் அது தார் ரோடானாலும் சிமெண்டு ரோடானாலும் ஒரே குரலில் பாடும். டயர் அப்படி அல்ல. ரோட்டுக்கு ரோடு ராகத்தை மாற்றும். வழவழப்பான தாரில் போனார். சொரசொரப்பான தாரில் போனார். ஊருக்குள் நுழைந்து ஒரு சிமெண்டுத் தெருவிலும் போனார். ஒவ்வொன்றிலும் சுருதி மாறியது. பிறகு ஆளில்லாத அகலமான இடத்தில் ஸ்டியரிங்கை மெதுவாக இடது பக்கமும் வலது பக்கமும் திருப்பிப் பார்த்தார். இடது பக்கம் திரும்பினால் வண்டியின் பாரம் வலது சக்கரத்தில் விழும். அப்போது சப்தம் கூடினால் வலது பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மறுபக்கம் கூடினால் இடது பேரிங்கை. எங்கள் காரில் இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை.

மூன்றாவது, உரசலா என்பது. தாழ்த்திய காரில் சக்கரம் மேலே எழும்பும்போது மட்கார்டின் உள்பக்கத்தைத் தொடும். அது ரீங்காரம் அல்ல; பள்ளத்திலும் முழுத் திருப்பத்திலும் மட்டும் கேட்கும் 'சர்ர்' என்கிற சப்தம். ஒரு வேகத்தடையில் அதுவும் கேட்டது. "இது தனிக் கணக்கு" என்றார் மெக்கானிக்.

திரும்பி வந்து ஜாக்கி போட்டுத் தூக்கினார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், ஆட்டம் இல்லை. கையால் சுற்றினார், கரகரப்பு இல்லை. பேரிங் நன்றாக இருக்கிறது. பிறகு டயரின் மேல் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னும் தடவினார்.

"அம்மா, நீங்களும் தொட்டுப் பாருங்க."

அத்தை தொட்டாள். ஒரு பக்கமாகத் தடவினால் வழவழப்பு. எதிர்ப்பக்கமாகத் தடவினால் ரம்பப் பல்! "தேங்காய் துருவி மாதிரி இருக்கே" என்றாள். அதற்குள் மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி எங்கள் பக்கம் திருப்பினார்.

வெளிப்பக்கம் பட்டன்கள் புதுசு போல இருந்தன. உள்பக்கம் மொட்டை. மொட்டை என்பதுகூடச் சரியில்லை. இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பரே இல்லை, கம்பி தெரிந்தது!

யாரும் பேசவில்லை. சென்னையிலிருந்து இருநூற்று அறுபது கிலோமீட்டருக்கு மேல் இந்தச் சக்கரத்தின் மேல் நூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்திருக்கிறோம். பின் சீட்டில் அத்தை. காரைச் சுற்றி வந்து பார்த்தால் எல்லா டயரும் புதுசு மாதிரிதான் தெரியும். தேய்மானம் காருக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில். அதை வெளியே சொன்னது அந்தச் சப்தம் ஒன்றுதான். அதைத்தான் பாட்டுப் போட்டு அமுக்கிக்கொண்டு வந்தோம்.

ஏன் இப்படித் தேய்ந்தது? மெக்கானிக் தம் இரண்டு கைகளையும் சக்கரம் மாதிரி நிறுத்திக் காட்டினார். கார் தாழ்ந்தால் சக்கரத்தின் தலை உள்ளே சாய்கிறது. இதற்குக் கேம்பர் என்று பெயர். அப்போது பாரமெல்லாம் டயரின் உள் விளிம்பில் விழுகிறது. அதைவிடப் பொல்லாதது இன்னொன்று. சக்கரங்களின் மூக்கு நேராக இருக்க வேண்டும். கார் தாழும்போது ஸ்டியரிங் தண்டுகளின் கோணம் மாறி, மூக்கு உள்ளேயோ வெளியேயோ திரும்பிவிடுகிறது. இது டோ. சக்கரம் ஒரு திசையைப் பார்க்கிறது, கார் இன்னொரு திசையில் போகிறது. அப்புறம் உருளுவது எங்கே? தேய்த்துக்கொண்டேதான் போகும். போதாததற்கு, அறுத்த ஸ்பிரிங்கில் ஷாக் அப்ஸார்பருக்கு அசைய இடமில்லை. சக்கரம் ரோட்டில் பந்து மாதிரி துள்ளித் துள்ளி, டயரில் பள்ளம் பள்ளமாகக் கொத்திவிடுகிறது. முன் ஷாக் அப்ஸார்பர் இரண்டிலும் எண்ணெய் கசிந்திருந்தது.

இதிலே ஒரு ரஸமான விஷயம் உண்டு. டயர் செய்கிறவர்கள் பட்டன்களை எல்லாம் ஒரே அளவில் வைப்பதில்லை. ஒன்று சிறிது, ஒன்று பெரிது என்று கலந்து வைக்கிறார்கள். ஒரே அளவாக இருந்தால் ஒவ்வொன்றும் ரோட்டில் அடிக்கிற அடி ஒன்றாகச் சேர்ந்து ஒரே சுருதியில் ஊளையிடும். கலந்து வைத்தால் சப்தம் சிதறி, காதை உறுத்தாத இரைச்சலாகிவிடும். கோணலாகத் தேய்கிற டயர் அந்தச் சாமர்த்தியத்தை எல்லாம் அழித்துவிட்டு, சுற்றிலும் தன் சொந்தப் பள்ளங்களை வரிசையாகச் செதுக்கிக்கொள்கிறது. அந்த வரிசைதான் பாடுகிறது.

"அப்போ அலைன்மெண்ட் பண்ணிட்டாச் சரியாயிடும் இல்லையா?" என்று பையன் கேட்டான்.

"தம்பி, அலைன்மெண்ட் பண்ணினா இனிமே தேயாது. தேஞ்சது தேஞ்சதுதான். அந்தச் சத்தம் டயர்லே எழுதியாச்சு" என்றார் மெக்கானிக்.

பணம் செலவழித்து அலைன்மெண்ட் பார்த்துவிட்டு, சப்தம் போகவில்லையே என்று கடைக்காரரோடு சண்டை போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். டயர்தான் பாடுகிறதா என்று சந்தேகம் இருந்தால், தேய்மானம் ஆபத்தான அளவுக்குப் போகாத டயர்களில் முன் சக்கரத்தைப் பின்னாலும் பின் சக்கரத்தை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். சப்தமும் கூடவே இடம் மாறினால் டயரேதான். கம்பி தெரிகிற டயருக்கு அந்தப் பரீட்சையும் கிடையாது, அது குப்பைக்குத்தான்.

அறுத்த ஸ்பிரிங்கை ஒட்ட முடியாது. கம்பெனி அளவில் புது ஸ்பிரிங்கும் ஷாக் அப்ஸார்பரும் திருச்சியிலிருந்து பஸ்ஸில் வரவேண்டும், மறுநாள் ஆகும். பையன் சிறிது நேரம் மௌனமாக இருந்தான். புலியை மறுபடி பூனையாக்குவதில் அவனுக்கு வருத்தம் இருந்தது. "இறக்கின உயரத்திலேயே சரிபண்ண முடியாதா?" என்று கேட்டான். முடியும், அளவாகச் செய்த ஸ்பிரிங், அதற்கேற்ற ஷாக் அப்ஸார்பர், கேம்பரைத் திருத்தும் போல்ட் எல்லாம் போட்டு, அலைன்மெண்டும் சரியாகப் பார்த்தால் டயர் இப்படித் தேயாது என்று மெக்கானிக் ஒளிக்காமல் சொன்னார். ஆனால் கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றினால் சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு அதற்காகவே இருக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் அதை உறுதி செய்தது. இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பையன், வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்த தன் தாயாரைப் பார்த்தான். "பழைய உயரமே போட்டுடுங்க" என்றான்.

அந்த ஒருநாள் அவகாசத்தில், வாடகைக் கார் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றினோம். திருச்சிச் சாலையில் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் தொழிற்சாலை இருக்கிறது. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் குழந்தைகளுக்குப் பலூன் செய்து ஆரம்பித்தது அந்தக் கம்பெனி. டயரின் கதையே குழந்தையில்தான் ஆரம்பம். 1888-இல் அயர்லாந்தில் பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை வைத்தியர் டன்லப், தம் சின்னப் பையனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் போகட்டும் என்று ரப்பர் குழாயில் காற்றை அடைத்துக் கட்டினார். அவருக்கு முன்பே 1845-இல் தாம்ஸன் என்பவர் இதே யோசனைக்குப் பேடண்ட் வாங்கியிருந்தாலும், உலகம் பிடித்துக்கொண்டது டன்லப்பின் டயரைத்தான். குலுக்கலைக் குறைக்கப் பிறந்த டயருக்கு இன்று சப்தத்துக்கும் கணக்கு வந்துவிட்டது. உருளும்போது இவ்வளவுதான் இரையலாம், நனைந்த ரோட்டில் இவ்வளவு பிடிப்பு வேண்டும் என்று இந்திய அரசு 2022-இல் டயர்களுக்கு விதி போட்டிருக்கிறது.

அங்கிருந்து சாத்தனூர். வயல்களுக்கும் முள்ளுக்காட்டுக்கும் நடுவே, வேலிக்குள், பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் படுத்துக் கிடக்கிறது. தொட்டால் கல்! சுமார் பன்னிரண்டு கோடி வருஷங்களுக்கு முன்பு கடல் இந்தப் பக்கம் வரைக்கும் வந்திருந்தது. அந்தக் கடலில் அடித்து வரப்பட்டு, சேற்றில் புதைந்து, கல்லாக மாறிய மரம். புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் இதைக் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னார். அத்தை வேலியருகில் நின்று, "பட்டையிலே இருந்த வரி கூட அழியலையே" என்று வியந்தாள்.

மறுநாள் மாலைக்குள் கார் தயார். புதுசாக வாங்கிய இரண்டு டயர்களை மெக்கானிக் பின்னால் போட்டார். பின்னால் இருந்த நல்ல டயர்கள் முன்னால் வந்தன. "புதுசை முன்னாடி போட வேண்டாமா?" என்றேன். முன்சக்கரம் வழுக்கினால் ஓட்டுகிறவருக்குத் தெரியும், சமாளிக்கலாம். மழையில் பின்சக்கரம் வழுக்கினால் வண்டியே சுற்றிவிடும், அதனால் நல்ல பிடிப்பு பின்னால்தான் வேண்டும் என்றார். அலைன்மெண்டைக் கம்ப்யூட்டரில் பார்த்து எடுத்துவந்த சீட்டை வாங்கி, டோ, கேம்பர் எண்கள் எல்லாம் அளவுக்குள் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் படித்தார். நீங்களும் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அரியலூர்ச் சாலையில் புறப்பட்டோம். அந்தப் பக்கத்தில் சாலைக்கு ராஜா சுண்ணாம்புக்கல் லாரிதான். அரசாங்கத்தின் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் ஆலை 1979 முதல் அரியலூரில் இருக்கிறது. அதைச் சுற்றித் தனியார் ஆலைகள் பல. எல்லாம் அந்தப் பழைய கடல் கொடுத்த ஆஸ்தி. கடலில் வாழ்ந்த பிராணிகளின் ஓடுகள் அடுக்கடுக்காகப் படிந்து சுண்ணாம்புக்கல் ஆயின. சுண்ணாம்புக்கல் சிமெண்டாகி நம் வீட்டுச் சுவராக நிற்கிறது. அந்தக் கடல் பிராணிகளைப் பார்க்க வேண்டுமானால் வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட அம்மோனைட்டுகளைப் பார்த்துக் குழந்தைகள் நகர மாட்டார்கள்.

அரியலூர் என்றதும் வயசானவர்களுக்கு வேறொரு நினைவும் வரும். 1956 நவம்பர் 23-ஆம் தேதி, மழை வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் பழுதாகித் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்று நாற்பது பேருக்கு மேல் மாண்டார்கள். ரயில்வே மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜிநாமா செய்தார். அத்தை அந்தக் கதையைத் தன் தகப்பனார் சொல்லக் கேட்டிருக்கிறாள். அதைச் சொல்லிவிட்டுச் சிறிது நேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சத்தமே இல்லையேடா!" என்றாள்.

உண்மைதான். கரடுமுரடான இடத்தில் ரோட்டின் இரைச்சல் கேட்டது. நல்ல தார் வந்ததும் அடங்கியது. டயர் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். பையன் ரேடியோவைத் தொடவில்லை.

நீங்களும் போய்வாருங்கள். வெள்ளிக்கிழமையோ திங்கட்கிழமையோ பெரம்பலூரில் இருக்கும்படி புறப்படுங்கள்; சிறுவாச்சூர், சாத்தனூர், அரியலூர் பார்த்துக்கொண்டு, ஜெயங்கொண்டம் வழியாகக் கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழனின் கோயிலையும் தரிசித்துத் திரும்பலாம். கிளம்புவதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் செலவிடுங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைப் பாருங்கள். எவ்வளவு வேண்டும் என்பது பெரும்பாலும் டிரைவர் பக்கத்துக் கதவுத் தூணில் எழுதியிருக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் பிறந்த டயர் என்று அர்த்தம். பட்டன்களுக்கு நடுவே குறுக்கே ஓடும் சின்ன மேட்டின் மட்டத்துக்கு ரப்பர் தேய்ந்துவிட்டால் டயரை மாற்றியே ஆகவேண்டும். கடைசியாக, ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பி வண்டியை அணைத்துவிட்டு, டயரின் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள்.

வழியில் புதுசாக ஏதாவது சப்தம் கேட்டால், பின் சீட்டில் இருப்பவர் யாராக இருந்தாலும் சொல்லிவிடட்டும். "ரோடு அப்படி" என்று பதில் வந்தால், அடுத்த நல்ல ரோடு வருகிற வரைக்கும் பொறுத்திருந்து, மறுபடியும் ஒரு தரம் சொல்லட்டும்!